கல்யாண ஆல்பமும் செல்ஃபி க்யூஆரும்: படம் ஊருக்குப் போகும் முன்

மண்டப வாசலில் சந்தனக் கிண்ணம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு வைத்த மேசைக்குப் பக்கத்தில் இப்போது ஓர் அட்டையும் நிற்கிறது. 'உங்கள் படங்களைப் பெற ஸ்கேன் செய்யவும்' என்று எழுதி, நடுவில் ஒரு க்யூஆர் கட்டம். ஃபோனை நீட்டினால் ஒரு பக்கம் திறக்கும், செல்ஃபி கேட்கும். முகத்தைக் காட்டியதும், இரண்டு நாள் கல்யாணத்தில் எடுத்த 5,000 படங்களிலிருந்து நீங்கள் இருக்கும் நாற்பதை மட்டும் பொறுக்கித் தந்துவிடும். பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கும் ஸ்டுடியோவுக்கும் அலைந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய வசதி. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அன்று இரவே படம் போய்ச் சேர்கிறது.

இதில் விருந்தாளிக்குக் கிடைப்பது நாற்பது படம். செயலி நடத்துபவருக்குக் கிடைப்பது, கேமராவில் விழுந்த அத்தனை பேரின் முக அளவும், பெரும்பாலும் கைபேசி எண்ணும். அவை எங்கே இருக்க வேண்டும், எத்தனை நாள் இருக்க வேண்டும், யார் எடுக்கலாம் என்று கேட்கும் உரிமையும் வாய்ப்பும் கல்யாண வீட்டுக்குத்தான் உண்டு. அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் கேட்டால் ஸ்டுடியோ காது கொடுக்கும். முகூர்த்தம் முடிந்து கேட்டால், படம் ஏற்கெனவே நூறு ஃபோன்களில் இருக்கும்.

முகம் எண்ணாகும் விதம்

ஸ்டுடியோ படங்களை ஏற்றியதுமே மென்பொருள் வேலையைத் தொடங்கிவிடும். ஒவ்வொரு படத்திலும் முகங்களைத் தேடிப் பிடித்து, கண், மூக்கு, வாய் ஓரங்களை வைத்து நேராக நிமிர்த்தி, ஒவ்வொரு முகத்தையும் ஓர் எண் வரிசையாக மாற்றும். கூகுள் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஃபேஸ்நெட் முறையில் ஒரு முகத்துக்கு 128 எண்கள். பின்னால் வந்த முறைகளில் 512 எண்கள் வழக்கம். ஒரே ஆளின் இரண்டு படங்கள் என்றால் எண்கள் நெருங்கி நிற்கும், வேறு ஆள் என்றால் விலகி நிற்கும். நீங்கள் எடுக்கும் செல்ஃபியும் இப்படி எண்ணாகி, ஆல்பத்தில் உள்ள எல்லா முகங்களோடும் ஒப்பிடப்படும்.

இங்கே கவனிக்க வேண்டியது, ஸ்கேன் செய்யாதவர்களுக்கும் எண் போடப்படுகிறது என்பது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டி, நாதஸ்வரம் வாசித்தவர், பந்தி பரிமாறிய பையன், தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை எல்லோரும் கணக்கில் வந்துவிடுகிறார்கள்.

எவ்வளவு நெருக்கம் இருந்தால் ஒரே ஆள் என்று கொள்வது என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தளர்த்தி வைத்தால் அக்காவின் செல்ஃபிக்குத் தங்கையின் படங்களும் வரும். இறுக்கினால், மாலை தாடையை மறைத்த படமும் தாலி கட்டும்போது குனிந்த பக்கவாட்டு முகமும் விடுபடும். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019 டிசம்பரில் வெளியிட்ட சோதனை முடிவில், வெள்ளையர் முகங்களைவிட ஆசிய, ஆப்பிரிக்க முகங்களில் ஆள் மாறாட்டப் பிழை பல மென்பொருள்களில் 10 முதல் 100 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. பெண்கள், முதியவர்கள், சிறுவர்களிடமும் பிழை கூடியது. ஒரு தமிழ்க் கல்யாணத்தில் உறவுக்காரப் பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். ஒருவர் படம் இன்னொருவருக்குப் போவதை அபூர்வமான கோளாறாக எண்ணாதீர்கள், நடக்கும் என்று வைத்துக்கொண்டே ஏற்பாடு செய்யுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

முதலில் உங்கள் உரிமை எது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை. அந்தக் கடைசித் தொடரில்தான் சூட்சுமம். ஸ்டுடியோ நீட்டும் அச்சடித்த படிவத்தில் 'படங்களின் முழு உரிமையும் ஸ்டுடியோவுக்கே' என்று ஒரு வரி இருந்து, நீங்கள் கையெழுத்தும் போட்டுவிட்டால் நிலைமை தலைகீழ். அந்த வரியை அடித்துவிட்டு இருவரும் பக்கத்தில் சுருக்கொப்பம் இடுங்கள்.

பிறகு வாயால் கேட்க வேண்டியவை. எந்தச் செயலியில் பகிர்கிறீர்கள்? விருந்தாளி எடுக்கும் செல்ஃபி தேடி முடித்ததும் அழிகிறதா, இல்லை சேமிக்கப்படுகிறதா? ஆல்பத்தைத் திறக்க ரகசியப் பின் எண் வைக்க முடியுமா? லிங்க் எந்தத் தேதியில் தானாக மூடும்? படம் தேர்வு செய்யவும் நிறம் திருத்தவும் ஏஐ பயன்படுத்தினால், அது ஸ்டுடியோ கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடுகிறதா, வெளி சர்வருக்குப் படங்களை ஏற்றுகிறதா? இரண்டு வகையும் சந்தையில் உண்டு. தொழில் தெரிந்த ஸ்டுடியோக்காரர் இதற்கெல்லாம் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்' என்ற பதிலை மட்டும் ஏற்காதீர்கள்.

கொட்டேஷன் தாளின் பின்பக்கத்தில் இப்படி எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும், வக்கீல் தேவையில்லை:

1. முகம் காட்டித் தேடும் வசதி வரவேற்பு, முகூர்த்தம் ஆகிய இரண்டு ஃபோல்டருக்கு மட்டும். மற்றவை குடும்பத்தார் சொல்லும் இரண்டு எண்களுக்கு மட்டும் திறக்கும்.
2. பகிர்வு லிங்க் கல்யாணத் தேதியிலிருந்து 45ஆம் நாள் மூடப்படும். படங்களும் முகத் தரவும் 60ஆம் நாளுக்குள் சர்வரிலிருந்து அழிக்கப்படும். அழித்ததை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.
3. இன்ஸ்டாகிராம், யூடியூப், ஸ்டுடியோ மாதிரி ஆல்பம் எதிலும் எங்கள் எழுத்து அனுமதி இல்லாமல் படம் வரக் கூடாது. குழந்தைகள் படம் எக்காரணம் கொண்டும் கூடாது.
4. எங்கள் படங்களை ஏஐ பயிற்சிக்கோ விளம்பரப் படம் உருவாக்கவோ யாருக்கும் தரக் கூடாது.
5. தோல் நிறத்தை மாற்றக் கூடாது. திருத்தாத மூலப் படங்களும் சேர்த்துத் தர வேண்டும்.

ஐந்தாவது வரி அந்தரங்கத்தைப் பற்றியது போலத் தெரியாது, ஆனாலும் சேர்த்தே ஆக வேண்டும். தானியங்கி முகத் திருத்தத்தை அதிகமாக ஏற்றி வைத்தால் மாநிறப் பெண்ணை வெளுத்துத் தள்ளிவிடும், கன்னத்து மச்சத்தை அழுக்கு என்று துடைத்துவிடும். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத முகத்தை ஆல்பத்தில் ஒட்டுவதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. மூலப் படம் கையில் இருந்தால், பின்னால் யாராவது போலிப் படம் செய்து பரப்பினாலும் எது அசல் என்று காட்ட முடியும்.

இந்த வரிகளுக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தொழில் நடத்துவோர் ஒப்புதல் கேட்பது, கேட்டால் அழிப்பது போன்ற கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலுக்கு வரும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டையையும் தெரிந்து வையுங்கள்: ஒருவர் தானாகவே பொதுவில் போட்ட தரவுக்குச் சட்டம் பொருந்தாது. மணமகளே திறந்த கணக்கில் 200 படம் ஏற்றிவிட்டால், அந்த 200 படத்துக்கும் சட்டத்தின் குடை கிடையாது. கணக்கைப் பூட்டி வைத்துவிட்டு ஏற்றுங்கள்.

எந்தச் சடங்கு எந்த ஃபோல்டரில்

ஸ்டுடியோவிடம் விட்டால் 'டே 1', 'டே 2' என்று இரண்டே ஃபோல்டர் போட்டுவிடும். நலங்கில் மஞ்சள் பூசி நனைந்த புடவையோடு உட்கார்ந்த பெண்ணின் படமும், மணமகள் அறையில் ரவிக்கைக்குப் பின் குத்தும் படமும் வரவேற்புக் கூட்டத்தோடு கலந்து கிடக்கும். மணமகளுக்குத் தலைவாரிய தோழி பின்னணியில் பாதி உடுத்திய நிலையில் நின்றிருப்பார், கேமராக்காரர் கவனித்திருக்கவே மாட்டார். ஏஐ எல்லா மூலையையும் தேடும். அந்தத் தோழியின் முகத்தைக் காட்டினால் அந்தப் படமும் வரும்.

எனவே குறைந்தது நான்கு ஃபோல்டர்: வரவேற்பு, முகூர்த்தம், வீட்டுச் சடங்குகள், அலங்கார அறை. பின்னிரண்டும் தேடலுக்கு வெளியே இருக்க வேண்டும். முதலிரண்டையும் திறப்பதற்கு முன் குடும்பத்துப் பெண் ஒருவர் வேகமாக ஓட்டிப் பார்க்கட்டும். 3,000 சிறு படங்களைத் திரையில் தள்ளிப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும். இதைச் செய்ய ஏஐயை நம்ப வேண்டாம். முந்தானை விலகியதையும் குழந்தைக்குப் பால் கொடுப்பதையும் அது சங்கடம் என்று அறியாது.

நிச்சயதார்த்தப் படத்தில் ஒரு சோதனை

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே, நிச்சயதார்த்தப் படங்களில் ஐம்பதை அந்தச் செயலியில் ஏற்றித் தரச் சொல்லுங்கள். அதில் இருக்கும் நெருங்கிய உறவுப் பெண் ஒருவரின் சம்மதத்தோடு, அவருடைய வாட்ஸ்ஆப் முகப்புப் படத்தை ஒரு ஃபோனில் திரை நிறைய வையுங்கள். இன்னொரு ஃபோனில் க்யூஆரைத் திறந்து, செல்ஃபி கேட்கும் இடத்தில் முதல் ஃபோனின் திரையைக் காட்டுங்கள். ஓர் அடி தூரம் வையுங்கள், திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள், விளக்கின் பிரதிபலிப்பு விழாமல் சற்றுச் சாயுங்கள்.

படங்கள் கொட்டினால், எதிரில் இருப்பது உயிருள்ள முகமா என்று அந்தச் செயலி பார்ப்பதே இல்லை என்று பொருள். அதாவது, கல்யாணத்துக்கு வந்த எந்தப் பெண்ணின் முகப்புப் படம் யார் கையில் இருந்தாலும், அவர் இருக்கும் எல்லாப் படங்களையும் அந்த ஆள் இறக்கிக்கொள்ளலாம். சில பக்கங்களில் கேமராவே வேண்டாம், கேலரியிலிருந்து படத்தை ஏற்றலாம் என்ற பொத்தானும் இருக்கும். அது இன்னும் மோசம். கண்ணைச் சிமிட்டச் சொல்வது, தலையைத் திருப்பச் சொல்வது போன்ற சோதனை இருந்தால் நல்லது. இல்லையென்றால் கைபேசி எண்ணுக்கு ஓடிபி, அதோடு விருந்தாளிப் பட்டியலில் உள்ள எண்ணா என்ற சரிபார்ப்பு, இரண்டும் வேண்டும். இதுவும் முடியாது என்றால் முகம் தேடும் வசதியை நிறுத்திவிட்டு, பின் எண் போட்ட சாதாரண ஃபோல்டராகத் தரச் சொல்லுங்கள். உறவினர் தங்கள் படத்தைத் தேடிக்கொள்ளக் கொஞ்சம் சிரமப்படுவார்கள், அவ்வளவுதான்.

அதே உட்காரலில் இன்னும் இரண்டு. அக்கா தங்கை இருவரும் தனித்தனியே செல்ஃபி எடுத்துப் பாருங்கள், யாருக்கு யார் படம் வருகிறது என்று தெரிந்துவிடும். பிறகு, கிடைத்த பக்கத்தின் லிங்கை வேறொரு ஃபோனுக்கு அனுப்பி, பிரௌசரின் இன்காக்னிட்டோ (பழைய நுழைவு எதுவும் நினைவில் இல்லாத) ஜன்னலில் திறந்து பாருங்கள். செல்ஃபி கேட்காமலே படங்கள் தெரிந்தால், ஒருவர் ஃபார்வர்டு செய்தாலே எல்லோருக்கும் திறந்த வீடு.

கல்யாண நாளும் அதற்குப் பிறகும்

வாசலில் அட்டை வைப்பதைவிட, கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் நன்றிச் செய்தியோடு க்யூஆரை அனுப்புவதே மேல். அழைத்தவர்களின் எண்களுக்கு மட்டும் போகும், நாலு ஃபோல்டரும் பிரித்து முடிந்திருக்கும். அட்டைதான் வேண்டும் என்றால் பந்தி மண்டபத்தின் உள்ளே வையுங்கள். பின் எண்ணை அட்டையில் அச்சிடாதீர்கள், குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் சொல்லுங்கள். யாரோ எடுத்த ரீல்ஸின் பின்னணியில் அட்டை தெளிவாகத் தெரிந்தாலே ஊர் முழுக்க ஸ்கேன் செய்யலாம் என்பதை மறக்க வேண்டாம்.

தன் படம் வேண்டாம் என்று சொல்லும் விருந்தாளியை மதிக்க, இதே தொழில்நுட்பம் உதவும். அவரிடம் ஒரு படம் வாங்கி ஸ்டுடியோ தேடிப் பார்த்து, வரும் படங்களைத் தனி ஃபோல்டருக்கு மாற்றிவிட்டால் போதும். பத்து நிமிட வேலை. காரணம் கேட்காதீர்கள். விவாகரத்து வழக்கு நடக்கலாம், ஒருவரிடமிருந்து ஒதுங்கி வேறு ஊரில் வாழலாம்.

படங்கள் வந்து சேர்ந்ததும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இறக்குங்கள். ஒரு படம் 10 எம்பி என்றால் 5,000 படத்துக்கு 50 ஜிபி, மூலப் படங்களும் சேர்ந்தால் பல மடங்கு. ஒரு டிஸ்க் பெண் வீட்டில், ஒன்று மாப்பிள்ளை வீட்டில். ஆங்காங்கே இருபது படத்தைத் திறந்து, முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அழிக்கச் சொல்லுங்கள்.

அழித்துவிட்டேன் என்று சொன்னால் அதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. அழிக்கச் சொல்வதற்கு முன், கம்ப்யூட்டரில் ஆல்பத்தைத் திறந்து ஏதாவது ஒரு படத்தின் மேல் வலது கிளிக் செய்து, படத்தின் நேரடி முகவரியை நகலெடுத்துக் குறித்து வையுங்கள். பின்னால் ஆல்பம் லிங்க் மூடியிருக்கும், ஆனால் இந்த நேரடி முகவரியை இன்காக்னிட்டோவில் போட்டால் சில சமயம் படம் வந்து நிற்கும். வாசலைப் பூட்டிவிட்டார்கள், கிடங்கு திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்கிரீன்ஷாட்டோடு திரும்ப எழுதுங்கள்.

முகத் தரவைத் தனியாகக் குறிப்பிட்டு அழிக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. படத்தை அழித்தாலும் அதிலிருந்து எடுத்த எண்கள் தங்கிவிடலாம். எவரால்பம் என்ற அமெரிக்கப் படச் சேமிப்பு நிறுவனம், கணக்கை மூடியவர்களின் படங்களையும் வைத்திருந்தது என்று அந்நாட்டின் நுகர்வோர் நலன் காக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி 2021இல் குற்றம் சாட்டியது. படங்கள், முக எண்கள் மட்டுமல்லாமல், அவற்றை வைத்துப் பழக்கிய மென்பொருள் மாதிரிகளையும் அழிக்க உத்தரவானது. வெளியே உலவும் முகங்களை வைத்து என்ன செய்ய முடியும் என்பதற்கு கிளியர்வியூ ஏஐ சாட்சி: இணையத்தில் பொதுவாகக் கிடந்த கோடிக்கணக்கான படங்களை வாரி, முகம் காட்டினால் ஆளைச் சொல்லும் தேடலாக்கிக் காவல் துறைகளுக்கு விற்றது. இதற்காக நெதர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2024 செப்டம்பரில் 3.05 கோடி யூரோ அபராதம் போட்டது. பிம்ஐஸ் போன்ற தளங்களில் இதே மாதிரித் தேடலை யாரும் செய்யலாம். உங்கள் முகத்தைத் தேடலிலிருந்து நீக்கக் கோரும் படிவமும் அந்தத் தளத்திலேயே இருக்கிறது.

ஃபோனிலிருந்து பகிர்பவர்களுக்கு

ஃபோனில் எடுத்த படத்துக்குள் எடுத்த நேரம், ஃபோன் மாடல், ஜிபிஎஸ் இடம் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணில் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தாலே சுமார் 11 மீட்டர் துல்லியம். நகைகளைக் கட்டிலில் பரப்பி எடுத்த சீர்வரிசைப் படத்தோடு வீட்டின் இடமும் சேர்ந்து போனால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. ட்ரோன் படத்திலும் ஜிபிஎஸ் இருக்கும். பெரிய கேமராக்களில் பெரும்பாலும் இருக்காது, ஆனால் கேமராவின் வரிசை எண் இருக்கும்.

வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்தக் குறிப்புகள் உதிர்ந்துவிடும். 'குவாலிட்டி போயிடும், டாக்குமென்ட்டா அனுப்பு' என்று கேட்டு அனுப்பினால் அத்தனையும் அப்படியே போகும். கூகுள் டிரைவிலும் அப்படியே. ஆண்ட்ராய்டில் கேமரா செட்டிங்ஸில் லொகேஷன் டேக்கை அணைத்துவிடுங்கள். ஐஃபோனில் பகிரும்போது மேலே வரும் ஆப்ஷன்ஸைத் தொட்டு லொகேஷனை அணையுங்கள். விண்டோஸில் படத்தின் ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், கடைசியில் ரிமூவ் ப்ராப்பர்ட்டீஸ் என்ற வரி. ஐஃபோனின் லைவ் போட்டோ, படத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை விநாடியை ஒலியோடு பிடிக்கும். பின்னால் யாரோ பேசியதும் சேர்ந்து போகும் என்பதால், அனுப்பும் முன் லைவ் என்ற குறியை அணைத்துவிடுங்கள்.

மறைத்து அனுப்புவதில் பலர் தவறுகிறார்கள். மண்டபம் புக் செய்யும்போது ஆதார் கேட்பார்கள், எண்ணின் மேல் கறுப்பு ஹைலைட்டரால் இரண்டு கோடு இழுத்து அனுப்புவோம். ஹைலைட்டர் பாதி ஊடுருவும் மை. வாங்கியவர் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது எழுந்து வரும். முழுக் கறுப்புக் கட்டத்தை வைத்து மூடி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புங்கள். ஆதாருக்கு என்றே கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார், ஆதார் வழங்கும் யுஐடிஏஐ அமைப்பின் தளத்தில் கிடைக்கிறது, அது இன்னும் நல்லது. முகத்தை மறைக்கவும் கட்டம் கட்டமாகக் கலைப்பதை நம்பாதீர்கள், அதைத் திரும்ப ஊகிக்க மென்பொருள் வந்துவிட்டது. வெட்டி எறிந்த பகுதியும் எப்போதும் போய்விடுவதில்லை. கூகுளின் பிக்சல் ஃபோன்களில் படம் திருத்தும் மார்க்கப் கருவியில் வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டில் வெட்டுப்பட்ட பகுதி கோப்புக்குள்ளேயே தங்கியிருந்தது 2023இல்தான் வெளிப்பட்டுச் சரிசெய்யப்பட்டது. அதற்கு முன் அனுப்பியவை அப்படியே இருக்கின்றன.

புடவைப் படம், பொம்மைப் படம்

2025 மார்ச்சில் கார்ட்டூன் பாணிப் படங்களுக்கு ஓர் அலை, செப்டம்பரில் கூகுளின் ஜெமினி ஏஐயில் பழைய சினிமாப் பாணிப் புடவைப் படங்களுக்கு ஓர் அலை. குழந்தை முகமும் குடும்பப் படமும் லட்சக்கணக்கில் ஏறின. ஆசையைத் தடுக்க முடியாது, செட்டிங்கை மாற்றிவிட்டுச் செய்யலாம். சாட்ஜிபிடியில் செட்டிங்ஸ், டேட்டா கன்ட்ரோல்ஸ், அதில் 'இம்ப்ரூவ் த மாடல் ஃபார் எவ்ரிஒன்' என்பதை அணையுங்கள். அழித்த உரையாடல் வழக்கமாக 30 நாளில் சர்வரிலிருந்து போகும். ஜெமினியில் ஆக்டிவிட்டியை அணையுங்கள். அணைத்தாலும் 72 மணி நேரம் வரை வைத்திருக்கும் என்று கூகுளே சொல்கிறது. மனிதர் பார்வையிட்ட உரையாடல் 3 ஆண்டு வரை தங்கும். ஃபேஸ்புக் செயலியில் கேமரா ரோல் ஷேரிங் சஜெஷன்ஸ் என்ற செட்டிங்கைத் தேடிப் பாருங்கள். அதில் க்ளவுட் ப்ராசஸிங்குக்கு ஒப்புக்கொண்டால், நீங்கள் பதிவிடாத படங்களும் தொடர்ந்து ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் சர்வருக்கு ஏறும்.

பெயர் தெரியாத செயலி என்றால் பதிவிறக்கவே வேண்டாம். எப்படியும் முயல்வது என்றால், முழு கேலரிக்கும் அனுமதி தராமல் ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் அந்த வசதி இருக்கிறது. குழந்தை படத்தையும், பள்ளிச் சீருடை தெரியும் படத்தையும் எதிலும் ஏற்றாதீர்கள். குழந்தையின் முகத்தை எங்கே பதியலாம் என்று முடிவு செய்ய அந்தக் குழந்தைக்கு இன்னும் வயது வரவில்லை.

படம் திரிக்கப்பட்டால்

யாராவது முகத்தை எடுத்து ஆபாசப் படத்தில் ஒட்டிவிட்டால் முதல் அரை மணி நேரம் முக்கியம். பதற்றத்தில் எதையும் அழிக்காதீர்கள், மிரட்டுபவருக்குப் பணமும் அனுப்பாதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுமுறை கூடுதலாகக் கேட்பார்கள். பக்கத்தின் முழு முகவரி, கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். அசல் படத்தின் மூலக் கோப்பைத் தொடாமல் தனியே நகலெடுங்கள். பாதிக்கப்பட்டவர் பெண் என்றால் வீட்டார் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை, 'உன் மேல் தப்பில்லை'. ஃபோனைப் பிடுங்கி வைப்பது சாட்சியையும் சேர்த்துப் பிடுங்குவது.

அடுத்து ஸ்டாப்என்சிஐஐ டாட் ஆர்க். பிரிட்டனில் இயங்கும் ஓர் உதவி மையம் 2021 டிசம்பரில் தொடங்கிய தளம் இது. படம் உங்கள் ஃபோனை விட்டு வெளியே போகாது. ஃபோனுக்குள்ளேயே அதன் கைரேகை போன்ற ஒரு குறியீடு உருவாகி, அதுமட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போகும். அதே படம் ஏற்றப்பட்டால் தளம் தடுக்கும். ஏஐயால் செய்த போலிப் படத்துக்கும் பொருந்தும். படத்தைப் பெரிதாக வெட்டித் திருத்தினால் குறியீடு மாறிவிடும், எனவே கண்ணில் பட்ட ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியே குறியீடு போடுங்கள். வாட்ஸ்ஆப்பில் ஒருவருக்கொருவர் அனுப்புவதை இதனால் நிறுத்த முடியாது. படத்தில் இருப்பவர் 18 வயதுக்குக் கீழே என்றால் டேக் இட் டவுன் என்ற சேவை, அது காணாமல் போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான அமெரிக்க மையமான என்சிஎம்இசி நடத்துவது.

இதோடு சேர்த்தே தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் புகார் எழுதுங்கள். அந்தரங்கப் படம், ஆள் மாறாட்டப் படம் பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளிலேயே எழுதப்பட்டுவிட்டது; 2026 பிப்ரவரியில் வந்த திருத்தம் அந்தக் கெடுவை 2 மணி நேரமாகக் குறைத்தது. 2025இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் வழக்கறிஞர் போன வழக்கில், படங்களை 48 மணி நேரத்துக்குள் அகற்ற மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு உத்தரவாகி, அதைத் தொடர்ந்து நவம்பரில் இதற்கென்றே ஒரு நடைமுறை வெளியானது. புகாரில் இதைக் குறிப்பிடலாம். ஆபாசம் இல்லாத, ஆனால் உங்கள் அனுமதியின்றிப் போட்ட கல்யாணப் படம் என்றால், பதிப்புரிமைப் படிவம் வழியாகப் போங்கள். கொட்டேஷன் பின்பக்கத்தில் எழுதி வாங்கிய தாள் அங்கேதான் கைகொடுக்கும்.

போலீஸ் புகாருக்கு சைபர்க்ரைம் டாட் கவ் டாட் இன். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றம் என்ற பகுதியில் பெயர் சொல்லாமலும் பதியலாம். ஆனால் நடவடிக்கை எங்கே நிற்கிறது என்று பின்தொடர, பெயரும் கைபேசி எண்ணும் கொடுத்துப் பதிவதே நல்லது. மிரட்டிப் பணம் பறித்திருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் ஒருவரின் அந்தரங்க உறுப்பை அனுமதியின்றிப் படம் எடுப்பதற்கும் பரப்புவதற்கும் 3 ஆண்டு வரை சிறை, 67ஏ பிரிவில் வெளிப்படையான பாலியல் படத்தைப் பரப்புவதற்கு முதல் முறை 5 ஆண்டு வரை. புகார் பதிந்ததும் வரும் ஒப்புகை எண்ணை எழுதி வையுங்கள். ஒரு வாரத்தில் அழைப்பு வரவில்லை என்றால், அந்த எண்ணோடும் ஸ்கிரீன்ஷாட்களின் அச்சுப் பிரதியோடும் மாவட்ட சைபர் கிரைம் நிலையத்துக்கு நேரில் போய் ரசீது வாங்குங்கள்.